ஓட்டு இருந்தது, சங்கம் இல்லை!

புதுவைத் தொழிலாளிக்கு ஓட்டு வந்த கதை விந்தையான கதை. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஆலைக்குப் போன பாட்டாளி, ஓட்டுச் சாவடி எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாதிருந்த காலத்தில், பிரஞ்சுக் கொடி பறந்த புதுவையில் வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனுக்கும் ஓட்டு இருந்தது. 1871 முதலே இருந்தது. ஆங்கிலேயன் ஆண்ட பகுதியிலே, 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுங்கூட, வரி கட்டியவன், சொத்துள்ளவன், படித்தவன் என்று சல்லடை போட்டுச் சலித்து, மக்களில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கினருக்குத்தான் ஓட்டுத் தந்தார்கள். புதுவையிலோ சல்லடையே இல்லை! கனகசெட்டிக்குளத்துக் கரையில் வலை இழுத்தவன், பாரிசு மாநகரிலே கூடிய பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை படைத்தவனாக இருந்தான். அவன் ஊருக்கு வடக்கே எல்லைக் கல்லைத் தாண்டினால் அடுத்த ஊர் மீனவனுக்கு அந்த உரிமை இல்லை. அதே கடல், அதே கட்டுமரம், அதே மாமன் மச்சான் உறவு. கல்லுக்கு அந்தப் பக்கம் பிறந்தது ஒன்றே அவன் செய்த குற்றம்.

கேட்கும்போது காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால், தோழர்களே, அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு புதுவைப் பாட்டாளி என்ன கண்டான்? விடியுமுன் ஆலைக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியே வந்தான். பெண்டு பிள்ளைகளையும் உள்ளே அழைத்துச் சென்றான். அறுபத்தைந்து ஆண்டு ஓட்டுப் போட்ட பிறகு, 1936-ல், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை கேட்டதற்காகத் துப்பாக்கிக் குண்டைத் தாங்கினான். ஓட்டு இருந்தது, சங்கம் இல்லை. சங்கமில்லாதவன் கையிலிருக்கும் ஓட்டு என்ன ஆகும் என்பதற்குப் புதுவையைப் போன்ற பாடசாலை இந்தத் துணைக்கண்டத்தில் வேறில்லை. அந்தப் பாடத்தைத் தன் வாழ்நாளெல்லாம் படித்தவர், பிறருக்குக் கற்பித்தவர், மக்கள் தலைவர் என்று ஊரார் அழைத்த வ. சுப்பையா. அவர் நம் கட்சிக்காரர் அல்லர், பொதுவுடைமைக் கட்சிக்காரர். அவர் கட்சியோடு நமக்கு மாறுபாடு உண்டு, மல்லுக்கட்டியதும் உண்டு. என்றாலும் அவர் வாழ்வை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலில் அவர் பிறந்த களத்தைப் பார்ப்போம்.

பிரஞ்சுக்காரன் ஓட்டைக் கொடுத்தான். கூடவே ஒரு சூதையும் கொடுத்தான். வாக்காளர் எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுதவில்லை. வெள்ளையருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். இடையில் 1884-ல், இந்து முறைச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பட்டியல். 1899-ல் மறுபடி இரண்டு. எண்ணிக்கையில் ஒரு கைப்பிடியாக இருந்த வெள்ளையர் பட்டியலுக்குச் சபை இடங்களில் பெரும்பிடி. ஆயிரக்கணக்கில் இருந்த இந்தியர் பட்டியலை அடக்கி ஆள்வதற்கோ சாதித் தலைவர்கள் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சண்முக வேலாயுத முதலியார் என்ற வைதிகத் தலைவர், சாதிக் கட்டுப்பாட்டையே தேர்தல் எந்திரமாக்கி, புதுவை அரசியலைத் தம் கைக்குள் வைத்திருந்தார். சாதியைத் துறக்கத் துணிந்தவர்களை எதிர்ப்பதே அவர் கட்சியின் வேலை. பிரான்சு நாட்டுப் புரட்சி தந்த வாக்குரிமை, புதுவைக்குக் கப்பலில் வந்து இறங்கியதும் சனாதனத்துக்குக் காவற்காரனாகிவிட்டது!

பாராளுமன்றத்துக்குப் போன உறுப்பினரோ பாரிசில் குடியிருந்த வெள்ளையர். பால் புளூசென் என்பவர் 1910-லும் 1914-லும் புதுவையின் பேரால் உறுப்பினரானார். 1914-ல் அவரை எதிர்த்துப் பால் ரிசார் என்பவர் நின்றார். அரவிந்தரின் நண்பர், படித்தவர், பெரிய சிந்தனையாளர் என்று பெயரெடுத்தவர். படுதோல்வி அடைந்தார். சிந்தனை வேறு, சாவடி வேறு என்பது அவருக்கும் புரிந்திருக்கும்.

சாவடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்தல் நாளன்று கோழி கூவுமுன் அடியாட்கள் சாவடியை வளைத்துக்கொள்வர். செத்தவர் ஓட்டு விழும். ஊரைவிட்டுப் போனவர் ஓட்டு விழும். உயிரோடு வந்து வாசலில் நிற்பவர் ஓட்டும், அவர் வருமுன்பே விழுந்து முடிந்திருக்கும்! எண்ணிக்கை பெட்டியிலே இல்லை, எழுதுகோலிலே இருந்தது. அடியாளுக்குக் கூலி வேண்டும், சோறு வேண்டும், சாராயம் வேண்டும். அந்தச் செலவு யாருடையது? பண்ணையாருடையது, பெருவணிகருடையது, ஆலை முதலாளியுடையது. போட்ட பணத்தை எடுக்காமல் விடுவானா முதலாளி? நகரத் தலைவரைப் புதுவையில் மேர் என்பார்கள். 1908 முதல் 1928 வரை இருபது ஆண்டு புதுவைக்கு மேராக இருந்தவர் ஆன்றி கெப்ளே. அவர் யார்? கெப்ளே ஆலையின் முதலாளி! ஆலைக்குள்ளும் அவரே எசமான், ஊருக்குள்ளும் அவரே எசமான். ஆலையில் கூலி குறைந்தால் முறையிடப் போகும் இடத்திலும் அவரே உட்கார்ந்திருப்பார். தேர்தல் செலவை முதலாளி ஏற்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இப்படிப்பட்ட ஊரில் 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் சுப்பையா பிறந்தார். பள்ளியிலே பிரஞ்சு படித்தார். சமத்துவம், சகோதரத்துவம், சுதந்திரம் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வீதிக்கு வந்து ஆலைத் தொழிலாளியைப் பார்த்தார். அது வாலிபர்களின் நெஞ்சு கொதித்த நேரம். 1930-ல் புதுவை முரசு என்ற ஏடு கிளம்பிச் சுயமரியாதைக் கொள்கையை முழங்கிற்று. புரட்சிக் கவிஞரின் பேனா அங்கே வாளாகச் சுழன்றது. சுப்பையா போன வழி வேறு. அவர் இளைஞர் சங்கம் கண்டார், தீண்டாமை ஒழிப்பு வேலையில் இறங்கினார், 1934 பிப்ரவரியில் காந்தியார் புதுவைக்கு வந்தபோது அதற்கு முன்னின்று பாடுபட்டார். அதே ஆண்டு சூன் மாதம் சுதந்திரம் என்ற இதழைத் தொடங்கினார். அதன் பிறகு சென்னையில் அமீர் ஐதர் கான், சுந்தரய்யா ஆகிய பொதுவுடைமையாளரின் தொடர்பு கிடைத்தது. காந்தியாரிடம் தொடங்கி மார்க்சிடம் வந்து சேர ஓராண்டுகூட ஆகவில்லை. ஆலை வாசல் அப்படி வேகமாகப் பாடம் கற்பித்தது போலும்.

மூன்று பெரிய ஆலைகள் புதுவையில். சவானா, ரோடியர், கெப்ளே. பிற்காலத்தில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பெயர் வழங்கியவை இவையே. 1935 பிப்ரவரியில் சவானா ஆலையில் வேலை நிறுத்தம் வெடித்தது. சட்டப்படியான சங்கம் கிடையாது, சங்க நிதி கிடையாது, ஆனாலும் வாரக்கணக்கில் நின்றார்கள். சுப்பையாவுக்கு அப்போது வயது இருபத்து நான்கு! வேலை நேரம் குறைய வேண்டும், கூலி உயர வேண்டும், சங்கத்தை ஏற்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். பிரான்சில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட உரிமை 1884-லேயே வந்துவிட்டது என்பதை நம் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்பு பாரிசுத் தொழிலாளிக்குக் கிடைத்ததைப் புதுவைத் தொழிலாளி கேட்டான். கொடி ஒன்றுதானே, சட்டம் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று கேட்டான்.

1936 சூலை 30 அன்று விடை கிடைத்தது. ஆலைத் தொழிலாளர் மீது படை ஏவப்பட்டது. துப்பாக்கி முழங்கிற்று. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். காயம் பட்டோர் பலர். அப்போது பாரிசில் ஆட்சியில் இருந்தது யார்? இடதுசாரிகள் சேர்ந்து அமைத்த மக்கள் முன்னணி அரசு, லியோன் புளூம் தலைமையிலே! சூன் மாதம் பிரஞ்சுத் தொழிலாளி ஆலைக்குள் உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்து வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையைப் பெற்றான். சூலை மாதம் புதுவைத் தொழிலாளி அதே முறையில் போராடி மார்பிலே குண்டைப் பெற்றான். கடல் நடுவே இருந்தால் நீதிக்கும் நிறம் மாறிவிடும்.

மாண்டவர் அனைவரும் ஆண்டாண்டு காலமாக ஓட்டுரிமை பெற்ற பிரஞ்சிந்தியர். அந்த ஓட்டினால் அவர்கள் அனுப்பி வைத்த பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பாரிசில் இருக்கத்தான் இருந்தார். சாவைத் தடுக்க அந்த ஓட்டு உதவவில்லை.

ஆனால் சாவு வீண்போகவில்லை. செய்தி பாரிசை எட்டிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் நேரு புதுவைக்கு வந்தார். 1937-ல் சுப்பையா பாரிசுக்கே சென்றார். செனட்டர் சுஸ்தேன் கொதார் விசாரணைக்காகப் புதுவைக்கு அனுப்பப்பட்டார். 1937 ஏப்ரல் 6-ஆம் நாள் பிரஞ்சிந்தியாவுக்கான தொழிற்சட்ட ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலை! சங்கம் வைக்கும் உரிமை! ஆசியாவிலேயே எட்டு மணி வேலை முதலில் வந்தது எங்கள் புதுவையில்தான் என்று அந்த ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் பெருமை பேசுவார்கள். பேசட்டும், பேச அவர்களுக்கு உரிமை உண்டு. சென்னைத் தொழிலாளியோ வேலை நேரம் குறைய மேலும் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. சங்கம் வந்தது, ஓட்டின் நிறம் மாறியது. எப்படி?

தனி ஆளாக நிற்கும் தொழிலாளிக்கு முன் மேஸ்திரி நிற்கிறான். மேஸ்திரிக்குப் பின்னால் முதலாளி, முதலாளிக்குப் பின்னால் மேர். இவன் எந்தச் சின்னத்துக்குப் போட்டான் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளாவிட்டாலும், அறிந்துகொள்வார்கள் என்ற அச்சமே போதும். சங்கம் வந்ததும் அந்த அச்சத்தில் பாதி ஓடிவிடுகிறது. மற்றொன்று, சங்கத்திடம் ஒரு பதிவேடு இருக்கிறது. யார் உறுப்பினர், எந்தப் பிரிவில் வேலை, எந்தத் தெருவில் வீடு, போன மாதம் சந்தா கட்டினானா, செத்துப் போனானா என்று அது சொல்லும். பிரஞ்சு அதிகாரியின் வாக்காளர் பட்டியலில் செத்தவன் உயிரோடு இருந்தான். சங்கப் பதிவேட்டில் செத்தவன் செத்தவனே. சாவடியில் நிற்கும் சங்கத்துப் பிரதிநிதி, கள்ள ஓட்டுப் போட வந்தவனின் முகத்தைப் பார்த்தே இவன் நெசவுப் பிரிவு முனியன் அல்லன் என்று சொல்லிவிடுவான். மூன்றாவது, பணம். முதலாளி ஒருவன் பதினாயிரம் கொடுத்தால் வேட்பாளன் அவனுக்கு அடிமை. பதினாயிரம் தொழிலாளர் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால், வேட்பாளன் யாருக்கும் தனியே அடிமையல்லன். ஆனால் பதினாயிரம் பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன்.

இந்த உண்மையை முதலாளிகள் நம்மவரைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் உலகமெங்கும் சங்கத்தின் பணப்பெட்டியின் மீது அவர்களுக்குக் கண். இங்கிலாந்திலே 1909-ல் ஆசுபார்ன் வழக்கு என்று ஒரு வழக்கு. சங்க நிதியை அரசியலுக்குச் செலவிடக் கூடாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. அந்நாளில் அங்கே பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. பிரபுவுக்குப் பண்ணை சோறு போடும், ஆலை அதிபருக்கு ஆலை சோறு போடும். சுரங்கத் தொழிலாளி உறுப்பினரானால் சங்கம்தான் சோறு போட வேண்டும். அந்தச் சோற்றுக்குத்தான் தடை! போராடினார்கள். 1911-ல் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் வந்தது. 1913-ல் சங்கங்கள் தனியாக அரசியல் நிதி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அதற்கும் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்த வேண்டும், விரும்பாதவன் விலகிக்கொள்ளலாம் என்று விதி.

நம் நாட்டிலே? 1918-ல் சென்னையில் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி ஆலைக்காரர் சங்கத் தலைவர் வாடியா மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கினர். அந்த அநீதி கிளப்பிய குரலால் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதிலும் ஒரு விதி: அரசியலுக்குச் செலவிடுவதானால் சங்கம் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குச் சந்தா கொடுக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவனுக்குச் சங்கச் சலுகை எதையும் மறுக்கக் கூடாது. நல்ல விதி. நாம் அதைக் குறை சொல்லவில்லை. தொழிலாளியின் பணம் அவன் மனமறிந்து செல்ல வேண்டும் என்பது நேர்மை.

அந்த நேர்மை முதலாளிக்கு உண்டா என்பதே நம் கேள்வி. கம்பெனி பணம் பங்குதாரர் பணம். கட்சிக்கு நன்கொடை தரும்போது பங்குதாரர் ஒவ்வொருவரையும் கேட்டார்களா? விரும்பாதவர் விலகலாம் என்று சொன்னார்களா? 1957-ல் டாட்டா இரும்பு ஆலை, கட்சிகளுக்கு நன்கொடை தரும் அதிகாரத்தைத் தன் அமைப்பு விதியில் எழுதிக்கொள்ள முயன்றது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கு. தலைமை நீதிபதி சாக்ளா சட்டப்படி அனுமதி தந்தார், தந்துவிட்டுப் பெரும் பணம் அரசியலில் புகுந்தால் மக்களாட்சியின் கழுத்தை நெரிக்கும் என்ற அச்சத்தையும் தீர்ப்பிலே பதிந்தார். 1969-ல் கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்தது. 1985-ல் தடை போயிற்று, அளவு வந்தது. 2017-ல் அளவும் போயிற்று! பேர் தெரியாமல் தருவதற்குத் தேர்தல் பத்திரம் என்ற திட்டமும் கூடவே வந்தது. 2018 முதல் 2024 தொடக்கம் வரை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றன. 2024 பிப்ரவரி 15-ல் உச்சநீதிமன்றம் அந்தத் திட்டத்தையும் அளவில்லா நன்கொடையையும் சேர்த்து வீழ்த்தியது. டில்லியை ஆண்ட கட்சிக்கே பெரும்பங்கு போயிருந்தது. கழகமும் பத்திரம் பெற்றது, தந்தவர் யார் என்பதை ஆணையத்திடம் சொல்லியது. பொதுவுடைமைக் கட்சியினர் வாங்கவே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், சுப்பையாவைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விடக் கூடாது.

மீண்டும் அவர் கதைக்கு வருவோம்.

எட்டு மணி ஆணை வந்ததனால் முதலாளிகள் ஓய்ந்துவிடவில்லை. மகாசன சபை என்ற அமைப்பில் நின்று சுப்பையாவும் தோழர்களும் தேர்தல் களத்தில் இறங்கியபோது, பெருவணிகரான செல்வராசுலு செட்டியாரின் கட்சி எதிரே நின்றது. பழைய சாவடி வித்தைகள் எல்லாம் திரும்பின. சுப்பையா சிறை கண்டார், தலைமறைவு கண்டார், பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார். போர் வந்து பிரான்சே வீழ்ந்தது, எழுந்தது. போர் முடிந்ததும் பட்டியல் சூது ஒழிந்தது. வெள்ளையனும் கறுப்பனும் ஒரே பட்டியலில் வந்தார்கள். பெண்களுக்கும் ஓட்டு வந்தது. ஆலையில் பஞ்சு தூசியை விழுங்கிய தாய்மாரும் முதன்முறையாகச் சாவடிக்கு வந்தார்கள்.

1946-ல் சுப்பையாவின் தலைமையில் தேசிய சனநாயக முன்னணி நின்றது. சங்கங்கள் அதன் முதுகெலும்பு. நகரசபைத் தேர்தலிலும், ஆண்டிறுதியில் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதி சபைத் தேர்தலிலும் முன்னணி பெருவெற்றி பெற்றது. 1947-ல் சுப்பையா பாரிசு மேல்சபைக்கு உறுப்பினராகச் சென்றார். நினைத்துப் பாருங்கள் தோழர்களே! பத்தாண்டுக்கு முன் எந்தக் கொடியின் கீழ் அவர் தோழர்கள் சுடப்பட்டார்களோ, அந்தக் கொடி பறந்த மாளிகைக்குள், சுடப்பட்டவர்களின் வகுப்பு அனுப்பிய ஆளாக நடந்து போனார். இருபதாண்டு மேராக இருந்த ஆலை முதலாளியின் காலம் எங்கே, இந்தக் காட்சி எங்கே!

அந்த வெற்றி நீடிக்கவில்லை. இரண்டே ஆண்டு. 1948 அக்டோபரில் நகரசபைத் தேர்தல். பிரஞ்சிந்தியாவின் வருங்காலத்தை முடிவு செய்யும் வாக்கெடுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதைப் புதிய நகரசபைகளே தீர்மானிக்கும் என்றிருந்தபடியால், ஆட்சியாளர் விடுவார்களா? எதுவார் குபேர் தலைமையில் பிரஞ்சிந்திய சோசலிஸ்டு கட்சி என்ற பெயரோடு ஒன்று எழுந்தது. சோசலிஸ்டு என்பது பெயர், தடியும் பணமும் ஆட்சியின் அருளும் அதன் கொள்கை. சாவடிகள் மறுபடி அடியாட்களின் வசமாயின. வென்றவர் குபேர் கட்சியார். சுப்பையாவின் மேல்சபைப் பதவியும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1950-ல் அவர் வீட்டுக்கே தீ வைத்தார்கள்.

சிலர் கேட்கக்கூடும்: சங்கம் இருந்தும் 1948-ல் தோற்றது ஏன்? கேட்க வேண்டிய கேள்வி. சங்கம் வாக்காளனைக் காக்கும். ஆனால் போலீசும் அதிகாரியும் அடியாளோடு சேர்ந்துகொண்டால் சங்கம் மட்டும் காக்க முடியாது. அதோடு, சுப்பையாவின் கட்சியும் அந்நாளில் இணைப்புப் பிரச்சினையிலே மக்களின் மனவோட்டத்துக்கு முந்தியும் பிந்தியுமாகத் தடுமாறியது என்பது நம் கருத்து. தொழிலாளி கூலிக்காகவும் போராடுவான், நாட்டுக்காகவும் போராடுவான். இரண்டில் ஒன்றைப் பிறகு பார்க்கலாம் என்று தலைவர் சொன்னால் அவன் சோர்ந்துபோவான்.

1948 சாவடிகள் எப்படி இருந்தன என்பதற்கு நம் வார்த்தை வேண்டாம். 1951-ல் அனைத்துலக நீதிமன்றத் தலைவர் பெயர் குறித்து அனுப்பிய அயல்நாட்டுப் பார்வையாளர் புதுவைக்கு வந்து சுற்றிப் பார்த்தனர். அச்சமும் வன்முறையும் நிலவுகிற அந்தச் சூழலில் நேர்மையான வாக்கெடுப்பு நடத்த முடியாது என்பதே அவர்கள் அறிக்கையின் சாரம். சுப்பையா பல ஆண்டாகச் சொன்னதை வெள்ளைக்காரர் வந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் பல பெரிய மனிதர்களுக்குக் கண் திறந்தது.

1954 வந்தது. காற்று மாறியதும் குபேரும் மாறினார்! மார்ச்சு மாதத்தில் இணைப்பு வீரராகி நெட்டப்பாக்கத்தில் கொடியேற்றினார். அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர் மக்கள் அல்லர். பிரதிநிதி சபையினரும் நகரசபையினருமாக 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிற்று. முடிவு சரியான முடிவு, மகிழ்ச்சியான முடிவு. ஆனால் அந்த 178 பேரை உருவாக்கிய தேர்தல்கள் எப்படிப்பட்டவை என்பதையும், ஆலையில் இரத்தம் சிந்திய தொழிலாளியிடம் அன்று யாரும் ஓட்டுச் சீட்டைக் கொடுக்கவில்லை என்பதையும் வரலாறு மறைக்க வேண்டியதில்லை. சாவடியைச் சூறையாடிய கூட்டத்தின் தலைவர் 1963-ல் புதுவையின் முதல் முதலமைச்சரானார். காங்கிரசின் கதர் யாரைத்தான் வெளுக்கவில்லை!

சுப்பையா எதிர்வரிசையில் உட்கார்ந்தார். 1955 தேர்தலில் அவர் தலைமையில் மக்கள் முன்னணி காங்கிரசுக்கு ஈடு கொடுத்து நின்றது. ஆண்டுகள் ஓடின. 1969-ல் புதுவை மக்கள் காங்கிரசை வீழ்த்தினார்கள். 30 இடங்களில் கழகம் 15, பொதுவுடைமைக் கட்சி 3. பாரூக் முதலமைச்சர்; சுப்பையா வேளாண்மை அமைச்சர். பாரூக் இளைஞர், சுப்பையா ஐம்பத்தெட்டு வயதைக் கடந்தவர். தோட்டாவுக்குத் தப்பியவர், தீக்குத் தப்பியவர், பாரிசு மேல்சபையில் அமர்ந்தவர், தம் மகன் வயதுத் தோழரின் தலைமையில் அமைச்சராக இருக்கத் தயங்கவில்லை. குத்தகை உழவனுக்குப் பாதுகாப்பு, நிலத்துக்கு உச்சவரம்பு ஆகிய சட்டங்கள் அந்த ஆட்சிக் காலத்தில் பிறந்தன. ஆலையில் தொடங்கிய வாழ்வு வயலுக்கும் வந்தது.

1993 அக்டோபர் 12-ல் அவர் மறைந்தார். புதுவை இரயில் நிலையத்தின் முன்னே ஓடும் சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தச் சாலையில் இறங்கி ஆலைக்குப் போக நினைப்பவருக்குப் போவதற்கு ஆலை இல்லை. மூன்று ஆலைகளும் 2020-ல் மூடப்பட்டன.

அவர் மறைந்த பின்பு நடந்தவற்றில் இரண்டை இங்கே பதிய வேண்டும். ஒன்று, 2017-ல் டில்லி அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட புதுவை அமைச்சரவையைக் கேளாமலே மூவரைச் சட்டமன்ற உறுப்பினராக நியமித்தது. 2018-ல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. 2021 பிப்ரவரியில் அமைச்சரவை கவிழ்ந்த வேளையில், மக்களிடம் ஓர் ஓட்டும் வாங்காத அந்த மூவருக்கும் வாக்கு உண்டா என்பதே பெரும் வழக்காடலாயிற்று. வெள்ளையர் பட்டியலை ஒழித்த ஊரிலே, ஒருவரும் ஓட்டுப் போடாத மூன்றாம் பட்டியல் ஒன்று இப்படி முளைத்தது. உள்ளாட்சியோ இன்னும் வேடிக்கை: 1968-க்குப் பிறகு 2006-ல்தான் தேர்தல், 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது, பத்தாண்டு கடந்தும் அடுத்த தேர்தல் வரவில்லை.

மற்றொன்று, 2025 இறுதியில் தமிழகத்திலும் புதுவையிலும் தேர்தல் ஆணையம் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். கழகம் எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கும் வேலை அது. படிவம் வரும் வேளையில் மீனவன் கடலில் இருப்பான், கட்டடத் தொழிலாளி வேறூரில் இருப்பான், ஆலை மூடியபின் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு போனவன் எந்தத் தெருவில் இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? முன்பு செத்தவனுக்கு ஓட்டு இருந்தது. இப்போது உயிரோடிருப்பவன் தன் உயிருக்குச் சான்று தேட வேண்டியவனானான். கனகசெட்டிக்குளத்திலும் காலாப்பட்டிலும் முதலியார்பேட்டையிலும் சங்கம் வைத்திருக்கும் தோழர்களிடம் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. பெயர், தெரு, வீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பாருங்கள். விடுபட்டவர் பெயரை எழுதி அன்றைக்கே மனுக் கொடுங்கள்.